மூன்று பாம்பு சொல்லிவிட்டுக் கடிக்கும், ஒன்று சொல்லாது

எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், அதில் பாதி நாள் ராத்திரி முறை. 11 மணிக்கு வந்தால் 11 மணிக்கு எழுந்து வரப்பு மேலே நடந்து போய் மோட்டாரைப் போட்டாக வேண்டும். மோட்டார் கொட்டகை என்பது எட்டடிக்கு எட்டடி இருட்டு. ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் எப்போதும் லேசான கதகதப்பு, சுவரில் பல்லி, மூலையில் பழைய உரச்சாக்கு, சாக்குக்குள் எலி. பாம்புக்கு நாமே பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி இருக்கும்.

ஒரு கார்த்திகை மாதத்து ராத்திரி, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு அந்தச் சாக்கை இழுக்கக் கை நீட்டினேன். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்தச் சத்தம். ஆனால் நிற்காமல், ஒரே மூச்சாக. கையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி விரியன். என் மணிக்கட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இருந்திருக்காது.

அதற்குக் கடிக்க வசதி இருந்தது. கடிக்கவில்லை, சத்தம் போட்டது. பாம்புக்கு விஷம் என்பது சாப்பாட்டுக்கான சரக்கு. எலியைப் பிடிக்க வைத்திருப்பதை, விழுங்கவே முடியாத இத்தனை பெரிய ஆள்மேல் செலவழிப்பதில் அதற்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் முடிந்தவரை கிட்டே வராதே என்று சொல்லிப் பார்க்கும். நம் ஊரில் ஆளைக் கொல்வதில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். முதல் மூன்றும் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும், நீங்கள் நேராக மேலே கால் வைத்துவிட்டால் மட்டும் சொல்ல நேரம் இருக்காது. நான்காவது சொல்லவே சொல்லாது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் தங்கிவிட்டால், எங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும், எங்கே பாயைச் சரியாகப் போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சொல்லிவிட்டுக் கடிக்கிற மூன்று

நல்ல பாம்பை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்தால் தெரிந்துவிடும், எடுக்காதபோது சாரைப்பாம்பு என்று நினைத்துக் காலால் எத்தப் போனவர்கள் உண்டு. படம் எடுத்து நிற்பது கோபம் இல்லை, பயம். உடம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து தூக்கும், அந்தத் தூக்கின உயரம்தான் ஏறக்குறைய அது எட்டுகிற தூரம். ஐந்தடிப் பாம்பு என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டடி. பல நேரம் வாயைத் திறக்காமலே வந்து முட்டிவிட்டுப் பின்வாங்கும், அதுவும் ஒரு மிரட்டல்தான். அதன் கண் அசைவைத்தான் பிடித்துக்கொண்டே இருக்கும். பாம்பாட்டி மகுடியை ஆட்டுகிறாரே, அது இசைக்கு ஆடுவதில்லை, ஆடுகிற மகுடியைக் கண்ணால் தொடர்கிறது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரை அதிர்வை நன்றாக வாங்கும், தாழ்ந்த ஒலிகளும் ஓரளவு எட்டும், மற்றபடி நீங்கள் கத்துவது உங்கள் மனசுக்குத்தான் ஆறுதல்.

கண்ணாடி விரியன் வேறு ரகம். அது ஓடாது. உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசைப் பழுப்பு வட்டங்கள், காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் படுத்தால் வட்டமும் வைக்கோலும் ஒன்றாகிவிடும். அந்த வேஷத்தை நம்பித்தான் அது அசையாமல் கிடக்கிறது. கிட்டே வந்தால் உடம்பைச் சுருட்டி, கழுத்தை வளைத்து வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விடும். பெரிய பாம்பு சீறினால் பத்தடி தள்ளிக் கேட்கும். பார்க்க மந்தமாக, தடித்து, சோம்பேறி மாதிரி கிடப்பதால் மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளிப் பாம்பு என்றோ நினைத்துக் கையால் எடுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறார்கள். நான் சொல்கிற விதி சுலபம்: தடித்த உடம்பு, வட்ட வட்டமாகப் புள்ளி, ஓடாமல் கிடக்கிறது என்றால் அது கண்ணாடி விரியன்தான், மலைப்பாம்பாகவே இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. புள்ளியை எண்ணிப் பார்க்கக் குனிய வேண்டாம்.

இது முட்டை இடாது, குட்டி போடும், அதுவும் ஒரே ஈற்றில் 20, 30, 40 என்று. மே, ஜூன், ஜூலையில் ஒரு குட்டியைப் பார்த்தால் பக்கத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன என்று அர்த்தம். பிறந்த நிமிஷத்திலிருந்தே விஷம் உண்டு. மார்கழி, தை மாதம் இவை இணை சேர்கிற காலம், நமக்கு அதே சமயம் சம்பா அறுப்பு. கதிர் அரிவாளோடு குனிந்து இடது கையால் தாளைப் பிடிக்கிறோமே, அந்தக் கைதான் ஆபத்து, அரிவாள் பிடித்த கை இல்லை. இப்போது மெஷின் அறுப்பு வந்துவிட்டதால் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் மெஷின் போன பிறகு வைக்கோல் கட்டு தூக்கும்போதும், வரப்போரம் விட்டுப்போன நாலு தாளைக் கையால் அறுக்கும்போதும் அதே கதைதான்.

சுருட்டை விரியன் எங்கள் டெல்டாவில் அரிது. ராமநாதபுரம், தூத்துக்குடி மாதிரி வறண்ட செம்மண், கல்லுக்காடு, பனங்காட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் முதல் எதிரி. ஒன்றரை அடிதான் நீளம், அதனால்தான் ஏமாறுகிறார்கள். தலையில் அம்புக்குறி மாதிரி ஒரு வெளிர் அடையாளம் இருக்கும். பயந்தால் உடம்பை எட்டு மாதிரி மடித்து, மடிப்போடு மடிப்பு உரச, சொரசொரச் செதில்கள் சேர்ந்து அரம் தேய்க்கிற மாதிரி சத்தம் வரும். சீமைக் கருவேல விறகு பொறுக்கும்போது, கல்லைப் புரட்டும்போது, விழுந்து கிடக்கிற பனை ஓலையை இழுக்கும்போது அந்தச் சத்தம் கேட்கலாம், அதனால் குச்சியாலோ மண்வெட்டிக் காம்பாலோ புரட்டப் பழகியிருக்க வேண்டும், கையால் இல்லை.

இந்த மூன்றுக்கும் பொதுவான பழக்கங்கள் கொஞ்சம்தான். கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. ராத்திரி நடந்தால் டார்ச் வெளிச்சம் தூரத்தில் இல்லை, அடுத்து வைக்கப்போகிற காலடியில் விழ வேண்டும். செல்போன் வெளிச்சம் பரவி விழும், நிழலும் சருகும் ஒன்றாகத் தெரியும், ஒரு டார்ச் வாங்கிவிடுங்கள். கையில் ஒரு தடி, அதைத் தரையில் தட்டிக்கொண்டே நடப்பது. அதிர்வு எட்டினால் நல்ல பாம்பும் சாரையும் ஒதுங்கிவிடும். கண்ணாடி விரியன் ஒதுங்காது, ஆனால் அனேகமாகச் சீறும், அதுவே போதும். கம்பூட்ஸ் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நடவுக்காலச் சேற்றில் பூட்ஸ் போட்டு ஒரு வரப்புகூடத் தாண்ட முடியாது, பூட்ஸ் சேற்றில் நிற்கும், கால் மட்டும் வரும். ஆனால் ராத்திரி மோட்டார் போடப் போகும்போதும், அறுப்பு முடிந்த காய்ச்சல் வயலில் நடக்கும்போதும் போடலாம், போட வேண்டும். கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும்தான்.

மோட்டார் கொட்டகையில் நான் மாற்றிக்கொண்டது: கதவை முழுசாகத் திறந்துவிட்டு வாசலில் நின்று தடியால் நாலு தட்டு, வெளிச்சத்தை முதலில் தரை மூலைகளில், அப்புறம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, கடைசியில் சுவிட்சில். சாக்கு, பழைய பைப், ஓட்டை வாளி எதுவும் உள்ளே கிடையாது. அரை நிமிஷ வேலை.

சொல்லாமல் கடிப்பது

கட்டுவிரியன். சில ஊரில் எட்டடி விரியன் என்பார்கள், கடித்தால் எட்டடி நடப்பதற்குள் சாவு என்று ஒரு கதை. கதை பொய். உண்மை அதைவிட மோசம், ஏனென்றால் எட்டு மணி நேரம்கூட ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். பெயரில் விரியன் இருந்தாலும் இது விரியன் சாதி இல்லை, நல்ல பாம்பின் பங்காளி. பளபளவென்று எண்ணெய் தடவின கருநீலம், அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கோடு தலைப்பக்கம் இருக்காது அல்லது மங்கலாக இருக்கும், வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பு என்று விஷமில்லாத ஒன்று இதே சாயலில் வீட்டுச் சுவரில் ஏறும், அதற்குக் கோடு தலைப்பக்கமிருந்தே தொடங்கி வாலில் மங்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் இதை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பகலில் கட்டுவிரியனைப் பார்த்தால் பாவமாக இருக்கும், தலையை உடம்புக்குள் மறைத்துச் சுருண்டுகொள்ளும். ராத்திரியில் அது வேட்டைக்காரன். எலி, பல்லி, மற்ற பாம்பு, அதன் இனத்தையே கூடச் சாப்பிடும். அந்தத் தேடலில்தான் வீட்டுக்குள் வருகிறது, சுவரோரமாகவே ஊர்ந்து போகும். அங்கே நாம் பாய் போட்டுப் படுத்திருக்கிறோம். தூக்கத்தில் கை புரள்கிறது, அல்லது அதன்மேல் உருள்கிறோம், கடிக்கிறது. பல் சின்னது, ஊசி குத்தின மாதிரிகூட உறைக்காது. வீக்கம் இல்லை, தடம் தேடினாலும் கிடைக்காது.

என் சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். புரட்டாசிப் புழுக்கத்துக்கு உள்ளே படுக்க முடியாமல் தாழ்வாரத்தில் வெறும் பாயில் படுத்திருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்று வலி என்று எழுந்தார். சித்தி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். ஐந்தரைக்கு இன்னும் வலி, வாந்தி. பக்கத்து ஊர்க் கிளினிக்கில் வாயு என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஏழு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "கண்ணத் தொறக்க முடியலடா" என்றார். இமை இரண்டும் பாதிக் கண்ணை மூடித் தொங்கின. குரல் மூக்கால் பேசுகிற மாதிரி மாறியிருந்தது. எச்சில் முழுங்க முடியவில்லை. ஜி.எச்.சில் இரவு டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த டாக்டர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி தரையிலயா படுத்தாரு?"

அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. நாலு நாள் வென்டிலேட்டர். அந்த நாலு நாளும் அவர் பிணம் மாதிரி கிடந்தார், ஆனால் பிணம் இல்லை. கட்டுவிரியன் விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையை அறுக்கிறது, இமையை, தொண்டையை, மூச்சை இழுக்கிற தசையை நிறுத்துகிறது. நினைவை நிறுத்துவதில்லை. பிற்பாடு அவர் சொன்னார், எல்லாப் பேச்சும் காதில் விழுந்ததாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று கேட்க வேண்டும் என்று இருந்ததாம், விரல்கூட அசையவில்லையாம். அதனால் இப்படி ஒருவர் கண் மூடி, கூப்பிட்டால் அசையாமல் கிடந்தால் போய்விட்டார் என்று முடிவு கட்டி அழ ஆரம்பிக்காதீர்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷம் இறங்கினால் தசை திரும்ப வேலை செய்யும், அதுவரை மூச்சை வேறு யாராவது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே கட்டுவிரியனுக்கு டார்ச்சும் தடியும் உதவாது. கட்டில் உதவும். கட்டில் இல்லையென்றால் கொசுவலை, அதுவும் சும்மா தொங்கவிட்ட வலை இல்லை, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகின வலை. கொசுவுக்காக வாங்கினது பாம்பையும் தடுக்கும், இதைவிட மலிவான உயிர்க்காப்பு எனக்குத் தெரிந்து இல்லை. படுக்கையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். போர்வை தரையில் தொங்க வேண்டாம். காலையில் காரணம் தெரியாத வயிற்று வலியோடு இமை கனத்தால், கடித்தது தெரியாவிட்டாலும், தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டுக்கு ஏன் வருகிறது

எலிக்காகத்தான். நெல் மூட்டை, கோழித் தீவனம், சிந்தின சோறு, இவற்றுக்கு எலி, எலிக்குப் பாம்பு. வாசலில் சிறியாநங்கை வைப்பது, பூண்டு நசுக்கித் தெளிப்பது, கல் உப்பு போடுவது, பினாயில், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது, பலன் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றின பாம்பு எரிச்சலில் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. கதவடி இடுக்கை ரப்பர் பட்டையால் அடையுங்கள், குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டைக்கு வலை வையுங்கள், விறகும் செங்கல்லும் வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள், வாசலில் விட்ட ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், வண்டியில் மாட்டின ஹெல்மெட்டையும்தான். கொல்லைப்புறப் புற்று பாம்பு கட்டினது இல்லை, கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடி புகுந்தது என்று பழமொழியே சரியாகச் சொல்லியிருக்கிறது. புற்றுக்குப் பால் ஊற்றினால் எறும்புதான் வரும், பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை.

சாரையை அடிக்காதீர்கள், அது எலி தின்று நமக்கு நெல் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடினால் சாரையும் நல்லதும் சேருகின்றன என்று மஞ்சள் துணி போட ஓடுவார்கள். அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, செத்தவன் சிதைப் புகையைப் பார்க்க மரமேறும் என்கிற கதை கேட்க நன்றாக இருக்கும், பாவம் அதற்கு ஆளைக் கொல்கிற விஷமே கிடையாது.

எதிரே நிற்கும்போது

நின்றுவிடுங்கள். இதைச் சொல்வது சுலபம், கால் கேட்காது, ஆனாலும் நில்லுங்கள். ஒரு நொடி நின்று, பாம்பு எங்கே, தலை எந்தப் பக்கம், அதன் நீளம் என்ன என்று பாருங்கள். அதன் முழு நீளத்தைவிட அதிகமாக விலகி நின்றால் நின்ற இடத்திலிருந்து அதனால் எட்ட முடியாது. அந்தத் தூரம் ஏற்கெனவே இருந்தால் பின்பக்கம் பார்த்து ஒவ்வொரு அடியாக விலகலாம். மிக அருகில் என்றால் இன்னும் மெதுவாக, கையை ஆட்டாமல். பாம்பு துரத்தும் என்பார்கள். அனேகமாக அதன் வளை உங்களுக்குப் பின்னால் இருக்கும், அது வீட்டுக்குப் போகிறது, நீங்கள் வழியில் நிற்கிறீர்கள். வழிவிட்டால் போய்விடும். ஓடுகிற மனிதனை இந்த நான்கில் எதுவும் முந்தாது.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அதைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை விட்டால் போச்சு, அப்புறம் பீரோவுக்கு அடியிலா, அரிசி டிரம்முக்குப் பின்னாலா என்று வீட்டையே கலைக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, அல்லது வனத்துறை, அல்லது உங்கள் ஊரில் பயிற்சியோடு பாம்பு பிடிப்பவர். அடிப்பதும் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்கள் அதிகம் என்பது இன்னொரு பக்கம். தலை தனியாக வெட்டுண்ட பாம்பும் கொஞ்ச நேரம் கடிக்கும், அதைத் தொட்டுக் காட்டி வீடியோ எடுக்கிற தம்பிகள் கவனிக்க.

பிடிக்கிற வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்றால் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் நடத்துகிற பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போனவர்களைச் சேர்த்து பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1978இல் தொடங்கியது. பாம்பை மண் பானையில் போட்டுத் துணி கட்டி வைத்திருப்பார்கள். நாலு தடவை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, காட்டில் திரும்ப விட்டுவிடுவார்கள், அடையாளம் இருப்பதால் சீக்கிரத்தில் அதையே மறுபடி பிடிக்க மாட்டார்கள். நாட்டில் முறிமருந்து செய்யப் போகிற விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் ஒரு வளையின் வாயைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். நாம் இரண்டு வீடியோ பார்த்துவிட்டுக் கவட்டைக் குச்சி வெட்டக் கூடாது.

கடித்துவிட்டால்

முதலில் மணி பாருங்கள். கடித்த நேரம் டாக்டருக்குப் பாம்பின் பெயரைவிட முக்கியம். அப்புறம் பாம்பிடமிருந்து விலகுங்கள், மறுகடி வேண்டாம். மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல், கடிகாரம், கடித்த கால் கையில் இறுக்கமாக என்ன இருந்தாலும் உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு மெட்டியை வெட்டி எடுக்கக் கம்பி வெட்டுகிற கட்டர் தேட வேண்டியிருக்கும்.

கட்டாதீர்கள். சினிமாவில் துண்டைக் கிழித்து மேலே இறுக்கிக் கட்டுவார்கள், அதுதான் செய்யவே கூடாதது. ரத்த ஓட்டம் நின்று காலே போகும், கட்டை அவிழ்க்கும்போது அடைந்திருந்த விஷம் மொத்தமாக உடம்பில் ஏறும். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், விஷக்கல் ஒட்டாதீர்கள். கண்ணாடி விரியன் கடித்தவரைக் கீறினால் அந்தக் கீறலிலிருந்தே ரத்தம் நிற்காமல் போகும், ஏனென்றால் உறைய வைக்கிற சரக்கை விஷம் தீர்த்துவிட்டிருக்கும். இதே காரணத்துக்காக வலிக்கு ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை வேண்டாம். சாப்பிட, குடிக்க எதுவும் வேண்டாம், தொண்டை வேலை செய்யாமல் போனால் புரையேறும்.

மந்திரிக்கிறவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. கடித்தது தண்ணீர்ப் பாம்பாக இருக்கும், அல்லது விஷமுள்ள பாம்பே விஷம் இறக்காமல் வெறும் பல் பதித்திருக்கும், அப்படியும் நடக்கிறது. அவர்கள் பச்சிலை இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். நிஜக் கடியில் அங்கே போன ஒரு மணி நேரம் திரும்ப வராது.

கடித்த காலை எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு மட்டையோ ஸ்கேலோ வைத்து லேசாகச் சுற்றி அசையாமல் வையுங்கள். அசைய அசைய விஷம் பரவும், அதனால் நடக்க விடாதீர்கள், தூக்குங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. 108 சீக்கிரம் வராது என்று தெரிந்தால் பைக்கே போதும், ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் நடுவில் அவரை வைத்துப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். போகிற வழியில் பேனாவால் வீக்கத்தின் எல்லையில் ஒரு கோடு, பக்கத்தில் மணி. கால் மணிக்கு ஒரு கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்தே டாக்டர் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடுவார்.

பாம்பைத் தேடாதீர்கள், அடித்துப் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பரவாயில்லை. நான்கு பாம்புக்கும் ஒரே முறிமருந்துதான், ஏ.எஸ்.வி. என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் மூக்கு நுனி மேலே தூக்கின குழிவிரியன் ஒன்று உண்டு, அதன் கடிக்கு இந்த மருந்து கேட்காது. மலைக்காரர்கள் மட்டும் பாம்பின் சாயலை டாக்டரிடம் சொல்வது நல்லது.

ஆஸ்பத்திரியில்

தனியாருக்கு ஓடும்முன் யோசியுங்கள். ஏ.எஸ்.வி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், பார்த்துப் பழகினவர்களும் அங்கேதான் அதிகம். போகும்போதே போன் போட்டு மருந்து இருக்கிறதா, வென்டிலேட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம் என்றால் முதல் டோஸைப் போட்டுவிட்டு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளே போனதும் ஒரு காட்சியைப் பார்ப்பீர்கள். நர்ஸ் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அவசரப் பிரிவில் இப்படி விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எங்கள் வீட்டில் சண்டைக்கே போய்விட்டார்கள். அது அலட்சியம் இல்லை, சோதனையே அதுதான். 20 நிமிஷம் யாரும் ஆட்டாமல் விட வேண்டும். அப்புறம் குழாயைச் சாய்ப்பார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர் மாதிரி சாய்ந்து ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது, மருந்து ஏற வேண்டும். அந்தக் குழாயை எடுத்துப் பார்க்கிறேன் என்று கை வைக்காதீர்கள்.

மருந்து குதிரை ரத்தத்திலிருந்து செய்வது, சிலருக்கு ஒவ்வாமை வரும், அதனால் வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்கிற கேள்வியே கிடையாது. முதலில் 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஆளுக்குத் தகுந்த மாதிரி பாம்பு விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லையே. ஒன்றும் இல்லை என்றாலும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். கண்ணாடி விரியன் கடி என்றால் சிறுநீரகத்தில் கண் வைத்திருங்கள், வீட்டுக்கு வந்த பிறகும் சிறுநீர் குறைந்தாலோ காபி நிறத்தில் போனாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில், பெரும்பாலும் கிராமத்தில், நிறையப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே பார்க்காமல். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி என்பது ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்று. கணக்கு வந்தால்தானே எந்த ஊருக்கு எத்தனை குப்பி வேண்டும் என்று தெரியும்.

சித்தப்பா இப்போது கயிற்றுக் கட்டிலில் படுக்கிறார், வலை கட்டி. பாம்பு கொல்லவில்லை, இந்த வலை மூச்சு முட்ட வைத்துக் கொல்லப் போகிறது என்று தினம் ஒரு புலம்பல். ஆனால் சித்தி செருகினால் ஒத்துக்கொள்ள மாட்டார், எழுந்து உட்கார்ந்து நாலு பக்கமும் அவரே ஒரு தடவை செருகிவிட்டுத்தான் படுப்பார்.